பின்வடம் பிடித்தவர்கள்

ஏற்றத்தில் மாட்டைப் பார், இறக்கத்தில் உன்னைப் பார் என்று எங்கள் வண்டிக்காரர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் பாரம் தாங்காவிட்டால் மாடு நின்றுவிடும், அவ்வளவுதான். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நாமும் ஒரு வாய் வெற்றிலை போடலாம். இறக்கத்தில் அப்படியில்லை. அங்கே பாரத்துக்குத் தானாகவே கால் முளைத்துவிடும். பதுளைக் கடைத்தெருவில் இரட்டை மாட்டு வண்டி வைத்துப் பிழைத்த காலத்தில் நான் எந்த ஏற்றத்துக்கும் பயந்ததில்லை. இறக்கத்தைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டுவிடுவேன். நான் வாயை மூடிக்கொண்டால் காரியம் பெரிது என்று என்னைத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் வருகிற அரிசி மூட்டை, கருவாட்டுச் சிப்பம், மண்ணெண்ணெய்த் தகரம், தோட்டங்களுக்கு வருகிற இரும்புச் சாமான், எல்லாம் மாட்டின் கழுத்தில்தான் பதுளைப் பக்கம் இறங்கின. மூட்டை தூக்கத் தெரிந்தவன் எல்லாம் இரும்பு ஏற்றத் தெரிந்தவன் ஆகமாட்டான். மூட்டைக்கு முதுகு போதும். இரும்புக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் வேண்டும். சோம்பேறிதான் இரும்பை நன்றாக ஏற்றுவான், ஏனென்றால் அவன் அதைத் தூக்கவே மாட்டான். உருட்டுவான், நெம்புவான், சறுக்கவிடுவான், நடுவில் உட்கார்ந்து யோசிப்பான்.

ஸ்டேஷன் கொட்டகைக்குப் பின்னால் நாங்களே இரண்டு பள்ளம் வெட்டி வைத்திருந்தோம். வண்டியைப் பின்னுக்குத் தள்ளிச் சக்கரங்களை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் வண்டித் தட்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். பிறகு இரண்டு கனத்த பலகையைச் சாய்த்து வைத்து, உருட்டுக் கட்டைகளைப் போட்டு, அலவாங்கு என்கிற கடப்பாரையால் பின்னாலிருந்து நெம்பிக் கொடுத்தால் இரும்பு தானாக மேலே நடந்து போகும். அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிக்கவே வேண்டியதில்லை, அடியில் ஒரு கட்டையைச் செருகினால் போதும்.

ஏற்றியபின் பாரத்தை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் பெரிய வித்தை. முன்னால் தள்ளி வைத்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி வைத்தால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். அச்சுக்கு மேலே, ஒரு பிடி முன்னால், அங்கேதான் அதன் இடம். மாட்டின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாரம் சரியாக உட்கார்ந்த மாடு, விருந்து முடித்துத் திண்ணையில் சாய்ந்த மாமனாரைப் போல நிற்கும்.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, எல்ல என்ற ஊருக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்துக்குப் புதிய மிஷின் ஒன்று வந்தது. வாடவைத்த தேயிலைக் கொழுந்தைப் போட்டு உருட்டி முறுக்குகிற மிஷின். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனால் அதன் அடித்தட்டு ஒரே வார்ப்பு இரும்பு. இருபது அந்தர், அதாவது ஒரு டன், இருக்கும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். பண்டாரவளையிலிருந்து அதைத் தோட்டத்துத் தலைமாட்டு ரோடு வரைக்கும் என் வண்டியில் கொண்டுவந்துவிட்டேன். அதற்குமேல் வண்டி போகாது. தொழிற்சாலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோர், தண்ணீர்ச் சக்கரத்துக்காக ஓடைக் கரையில், பள்ளத்தின் அடியில் கட்டப்பட்டிருந்தது. ரோட்டிலிருந்து அதுவரைக்கும் மண்ணை வெட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள். பாதி இறக்கத்தில் ஒரு முடக்கு, சட்டென்று திரும்புகிற வளைவு. அந்த முடக்குக்கு நேர் கீழே, கல் எறிந்தால் கூரையில் விழும்படி, தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஒரு லயம். லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பராதான் பாதைக்கு அடியில் இருந்தது.

அந்தக் காம்பராவில் பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் புருஷன்தான் அன்றைக்கு முட்டுக்கட்டை போட வேண்டியவன். திருச்சிப் பக்கத்துக் கோயில் தேருக்குக் கட்டை போட்ட குடும்பம் அவனுடையது. கைப்பிடி நீண்ட ஆப்புக் கட்டை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

மற்றக் காம்பராக்களில் இருந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொல்லிவிட்டோம். இவளைத்தான் அசைக்க முடியவில்லை. பச்சை உடம்புக்காரி, தீட்டும் கழியவில்லை. மேல் லயத்தில் கோயிலுக்கு விரதம் இருந்தார்கள். அவர்களுக்கும் அவளை உள்ளே சேர்க்கச் சங்கடம். நானும் அவனும் போய் வாசலில் நின்று சொல்லிப் பார்த்தோம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு இந்தப் பனியில நான் எங்க போறது? இரும்புக்கு வழி விட நான் எந்திரிக்கணுமா? இரும்ப ஒழுங்காப் போகச் சொல்லுங்க.”

திரும்பி ரோட்டுக்கு ஏறினோம்.

நாங்கள் கீழே போய் வருவதற்குள் மேலே ஒரு காரியம் நடந்துபோயிருந்தது. ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி நல்ல மனுஷன்தான். அவருக்குப் பக்தி அதிகம், பொறுமை குறைவு. மிஷின் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபிறகு போட வேண்டிய பூசையை, ஆட்கள் கூடிவிட்டார்களே என்று ரோட்டிலேயே போட்டுவிட்டார். தோட்டத்து ஸ்டோர்களில் ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம். மிஷின் ஓடுகிற இடத்தில் கை கால் போகாமல் காப்பது அவர் பொறுப்பு. அவர் பெயரைச் சொல்லி இரும்புக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, செவ்வந்தி மாலை போட்டு, தேங்காயும் உடைத்தாயிற்று. அடியில் இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டின சறுக்குச் சட்டத்தின்மேல் அது தேரில் அமர்ந்த சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். அன்றைக்கு வடம் பிடிக்கிறவர்களுக்குப் பேர் உண்டு, அதாவது வேலைக்குப் போன கணக்கு, என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆண், பெண் அத்தனை பேரும் முன்வடத்தில் நின்றார்கள். பின்வடம் புல்லில் அநாதையாகக் கிடந்தது.

இறக்கத்தில் பாரத்துக்கு முன்னால் நிற்பதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை. முன்னால் இழுக்க அங்கே என்ன இருக்கிறது? பாரம் தானே வரும். பின்னால் பிடித்துப் பிடித்து விடுவதுதான் வேலை. இதை எடுத்துச் சொல்லி, எல்லோரும் பின்வடத்துக்கு வாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஊரில் தேர் இழுத்துப் பழகின ஜனங்கள். தேரை முன்னுக்கு இழுத்தால் புண்ணியம். சாமியைப் பின்னுக்கு இழுத்தவன் குடும்பம் பின்னுக்குப் போய்விடும் என்று நினைத்தார்கள்.

நான் கங்காணியாரைப் பார்த்தேன். அவருக்கும் சங்கடம்தான். “பூசை போட்டாச்சே வண்டிக்காரரே. இனிமே பின்னால இழுங்கன்னா எவன் இழுப்பான்? நானே தொட மாட்டேன்” என்றார்.

ஐந்தாறு பேர் மட்டும் துரைக்குப் பயந்து பின்வடத்தின் பக்கத்தில் வந்து நின்றார்கள். தொடவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். முட்டுக்கட்டைக்காரன் பாரத்தைப் பார்க்கவில்லை, கீழே தெரிந்த தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யானை கொண்டுவரலாமே என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பாதையில் யானை திரும்பினால் யானையை இறக்க இன்னொரு யானை வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். சிரிப்புத்தான் வந்தது, வழி வரவில்லை.

அப்போது முன்வடத்தில் இருந்த ஒரு பெண் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. கடைசிக் காம்பராவில் படுத்திருந்தவளின் அக்கா. முட்டுக்கட்டைக்காரன் அவளை மதினி என்பான். மற்றவர்கள் அவள் வருவதைக் கண்டால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

“கங்காணியய்யா, ரோதமுனி எங்க இருக்காரு?” என்று கேட்டாள்.

கங்காணியார் மாலை போட்ட இரும்பைக் காட்டினார்.

“இதுலயா? அப்ப வருசா வருசம் ஸ்டோர்ல அந்தப் பெரிய ரோதைக்கு முன்னால சேவல் அறுத்தமே, அது யாருக்கு? அவரு அங்கதான இருக்காரு. இது ரயில்ல வந்த புதுப் பொண்ணு. அவரு வீட்டுக்கு வாழப் போகுது. பூவும் பொட்டும் வச்சது சரிதான், பொண்ணுக்கு வைக்க வேண்டியதுதான?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் விடவில்லை.

“பொண்ணு புருசன் வீட்டுக்குப் போறப்ப, போ போன்னு முன்னால இழுத்துக்கிட்டுப் போற குடும்பம் எங்கயாச்சும் உண்டா? பெத்தவ பின்னால நின்னு கையப் பிடிச்சு அழுவா. மெதுவா விடுவா. அதுதான முறை? பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் பின்னால வாங்க.”

அவள் தங்கைக்காகத்தான் இத்தனையும் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும், கங்காணியாருக்கும் தெரியும். ஆனால் பேச்சில் ஓட்டை இல்லை. அப்படியென்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று கங்காணியார் கேட்டார்.

“மாப்பிள்ள வீட்டுக்காரனுக்கு வழியில என்னா வேலை? வாசல்ல ஆரத்தித் தட்டோட நிக்கச் சொல்லுங்க. நீங்கதான் மாப்பிள்ளைக்கு அப்பன். தலப்பாவ ஒழுங்காக் கட்டிக்கிட்டு மொதல்ல கீழ போங்க.”

கங்காணியார் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, தமக்கு வேண்டிய பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, மேட்டுப் பக்கமாகச் சுற்றி ஸ்டோருக்கு இறங்கிப் போனார். பாரத்துக்கு முன்னால் நின்ற கூட்டம் இப்படிச் சண்டையில்லாமல் கலைந்தது. நான் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியம்.

மிச்சம் இருந்தவர்கள் பெண் வீட்டார் ஆனார்கள். உடனே, தாய்மாமன் யார் என்று ஒரு தகராறு. கல்யாணத்தில் தாய்மாமனுக்குத்தானே முதல் மரியாதை? புல்லில் கிடந்த பின்வடத்தின் முனையை நான்தான் பிடிப்பேன், நான்தான் பிடிப்பேன் என்று ஆம்பிளைகள் இழுபறி பண்ணினார்கள். ஒருவன், இரும்புக்கு நான் மாமன் என்றால் நீ யாரடா என்று கேட்க, மற்றவன், நானும் மாமன்தான், அவள் ஆத்தாளுக்கு அண்ணன் தம்பி நிறைய என்றான். பெண்கள் பின்னால் வரிசையாக நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் என் வேலை எளிதாகிவிட்டது. முடக்குக்கு மேலே ஒரு கிழட்டுப் பலாமரம் நின்றது. பின்வடத்தை அதன் அடியில் மூன்று சுற்றுச் சுற்றினேன். மரத்தைச் சுற்றின வடத்துக்கு ஆள்பலம் கொஞ்சம் போதும். பாரத்தை மரமே தாங்கும். வாலைப் பிடித்திருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தால் போதும். வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, குறுக்கே தாண்டக் கூடாது என்று சொன்னேன். தாண்டக் கூடாது என்பதைத் தேரிலிருந்தே அவர்கள் அறிவார்கள். சமனான இடத்தில் போட்டிருந்த உருட்டுக் கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். இறக்கத்தில் உருட்டுக் கட்டை எமன். சட்டம் மண்ணில் உரசிக்கொண்டுதான் இறங்க வேண்டும். உரசல்தான் அங்கே நமக்குக் கடிவாளம்.

ஒருவன் ராகம் எடுத்தான். பெண் அழைக்கிற பாட்டு. அடிக்கு ஒரு தரம் வடத்தை விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் பஞ்சம், புளிச்ச கஞ்சிதான் குடிக்கப் போகிறாய் என்று பெண்கள் இரும்புக்குச் சொல்லிச் சிரித்தார்கள். கீழேயிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் பதில் பாட்டு விட்டார்கள். பெண் கறுப்பு, பெண் கனம், இப்படி ஒரு பெண்ணை ரயிலில்தான் அனுப்ப முடியும் என்று. முட்டுக்கட்டைக்காரன் மட்டும் பாடவில்லை. சட்டத்துக்குப் பக்கவாட்டில் நடந்து, நின்ற இடமெல்லாம் கட்டையைச் செருகி, புறப்படும்போது உருவிக்கொண்டே வந்தான்.

முடக்கில்தான் பாறை ஒன்று தலைநீட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தின் உள்பக்க மரம் அதில் முட்டி நின்றுபோயிற்று. அலவாங்கு போட்டு நெம்பினோம், அசையவில்லை. அப்போது தாய்மாமன்களில் ஒருவன், என்னைக் கேட்காமல், ஈர வாழைத்தண்டு ஒன்றைக் கொண்டுவந்து அடியில் செருகிவிட்டான். சமனான இடத்தில் நல்ல யோசனை அது. இங்கே, செருகின மறு நொடியில் சட்டம் பாறையை விட்டு வழுக்கி, வால் வெளிப்பக்கம் வீசி, லயத்துப் பக்கம் சாய்ந்தது.

பாட்டு நின்றது. பலாமரத்தில் வடம் கிறீச்சென்று கத்தியது. பட்டை சூடேறிப் புகைந்த வாசனை எனக்கு வந்தது. விடாதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மண்ணில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்துவிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. சறுக்கு மேட்டில் கூடையோடு கால் வழுக்கினால் அவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். வடம் இறுகியது. வெளிப்பக்க மரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டைக்காரன் கட்டையைத் தள்ளினான். அதையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், பாதை விளிம்பில் சட்டம் நின்றது. விளிம்பு மண் பெயர்ந்து, கல்லும் மண்ணுமாகக் கடைசிக் காம்பராவின் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது.

கீழே குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த அழுகையைக் கேட்டு எல்லோருக்கும் மூச்சு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அழுகிற குழந்தை நல்ல குழந்தை. முட்டுக்கட்டைக்காரன் கைப்பிடியை விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. “மதினி, புடிச்சிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டான்.

“நீ கட்டையப் பாரு தம்பி. பொண்ண நாங்க விட மாட்டோம்.”

பதறாத காரியம் சிதறாது. பலாமரத்தில் வடத்தின் வாலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, வாழைத்தண்டை அறுத்து எடுத்தோம். அதைச் செருகினவனை ஒருவரும் திட்டவில்லை; அவனே தன்னைத் திட்டிக்கொண்டிருந்தான். வெளிப்பக்கமாக இரண்டு அலவாங்கைப் போட்டு, ஒரு விரல் நெம்பு, ஒரு விரல் கல் வை, மறுபடி ஒரு விரல் நெம்பு என்று சட்டத்தின் வாலை உள்பக்கம் கொண்டுவந்தோம். நெம்பின இடம் திரும்பிப் போகாமல் உடனே கல் வைப்பதுதான் இதில் சூட்சுமம். பாறைத் தலையை உளிவைத்துக் கொத்தினார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் மிஷின் முடக்கைத் தாண்டியது. அதன்பிறகு பாதை நேர்ப் பாதை. பாட்டு மறுபடி தொடங்கியபோது குரல்களெல்லாம் கரகரத்திருந்தன.

ஸ்டோர் வாசலில் கங்காணியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். இத்தனை நேரமா, நல்ல நேரம் போய்விட்டதே என்று மாப்பிள்ளை வீட்டுத் தோரணையில் குறைப்பட்டார். பெண் கொடுக்க மனசு வரவில்லை, அதனால்தான் தாமதம் என்று அக்காக்காரி சொன்னாள். அவள் உள்ளங்கை இரண்டும் வடம் உரசிச் சிவந்து கிடந்தன. ஆரத்தி எடுத்துத் தண்ணீரை ஊற்றினபிறகு, தாய்மாமன்மார் எல்லோருக்கும் ஒரு வெற்றிலைச் சுருள், ஒரு வாய் கள். தாய்மாமன்கள் அதிகமாக இருந்ததால் கள் கொஞ்சமாகத்தான் வந்தது.

முட்டுக்கட்டைக்காரன் அதற்கு நிற்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு லயத்தை நோக்கி ஏறினான். என் மாடுகள் மேலே ரோட்டில் கட்டிக் கிடந்தன. நானும் அவன் பின்னாலேயே போனேன். கடைசிக் காம்பராவின் முன்னே கூரையிலிருந்து உருண்ட கற்கள் சிதறிக் கிடந்தன. அவன் வாசலுக்கு வெளியே நின்று இருமினான்.

உள்ளேயிருந்து, “போயிருச்சா?” என்று கேட்டாள்.

“போயிருச்சு.”

“கூரையில என்னமோ விழுந்துச்சே?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, “கல்லுதான். வேற ஒண்ணுமில்ல” என்றான்.

“அதுல எந்திரிச்சவன் இப்பதான் தூங்குறான். தூங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு மிசினு வந்தா சத்தம் போடாமக் கொண்டு போங்க.”

சரி என்று சொல்லிவிட்டு அவன் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கூரையிலிருந்து விழுந்த கல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சிரித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்து, ஒரு செம்பு வெளியே வந்தது.

“கொத்தமல்லித் தண்ணி. அந்த வண்டிக்கார அண்ணனுக்கும் குடுங்க, தீட்டுப் பாக்காட்டி.”

நான் பார்க்கவில்லை. சூடாக இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தோம்.